இரட்டைக் கோபுரத்தின் தளங்கள் எதன்மேல் உட்கார்ந்திருந்தன?

நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களில் ஒரு மாடியின் பரப்பு ஏறக்குறைய ஒரு ஏக்கர். லிஃப்டுகள், படிக்கட்டுகள், கழிப்பறைகள் எல்லாம் நடுவில் ஓரிடத்தில் நெருக்கியடித்து இருந்தன. அதை விட்டு வெளியே வந்தால் ஜன்னல் வரைக்கும் வெறும் தரைதான். இரண்டு பக்கம் 60 அடி, மற்ற இரண்டு பக்கம் 35 அடி. இடையில் ஒரு தூண்கூடக் கிடையாது. வாடகைக்கு எடுப்பவர் தன் விருப்பம்போல் மேசை போட்டுக்கொள்ளலாம், தடுப்பு வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் அந்தத் தரை எதில் நின்றது? ஒரு முனை வெளிச்சுவரில். மறுமுனை நடுவில் இருக்கும் தூண் கூட்டத்தில். நடுவில் அது எப்படிப் பொருத்தப்பட்டிருக்கும் என்று கேட்டால், கை மொத்தத்தில் போல்ட்டுகளையும் கனத்த வெல்டிங்கையும்தான் மனம் கற்பனை செய்யும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வரைபடத்தைப் பார்த்தபோது கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. சுவரலமாரியில் பலகை வைப்பதற்கு ஆணி அடித்திருப்பார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஒரு சின்ன எஃகுத் தாங்கி, அதன்மேல் தளத்தின் முனை உட்கார்ந்திருக்கிறது, விரல் தடிமனில் சில போல்ட்டுகள். அவ்வளவுதான்.

இவ்வளவு சின்ன இணைப்பு எப்படிப் போதும் என்று பார்ப்பதற்கு முன்னால், தளம் எதனால் ஆனது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு கட்டையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றால் கட்டை வளையும். வளையும்போது மேல்புறம் நெருக்கப்படுகிறது, கீழ்ப்புறம் இழுபடுகிறது. நடுவில் இருக்கும் மரத்துக்கு அவ்வளவு வேலை இல்லை, மேலையும் கீழையும் பிரித்து வைத்திருப்பதுதான் அதன் பங்கு. அப்படியென்றால் நடுப்பகுதியைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு, மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம், இடையில் வளைந்து வளைந்து ஓடும் கம்பி என்று வைத்தாலே போதுமே? அதுதான் ட்ரஸ். கல்யாண மண்டபக் கூரையை அண்ணாந்து பார்த்தால் முக்கோணம் முக்கோணமாகத் தெரிவதும் இதன் உறவுக்காரன்தான்.

60 அடி நீளத்துக்கு முழு எஃகு உத்தரம் போட்டால் எடையும் விலையும் எகிறிவிடும். ட்ரஸ் என்றால் இரண்டும் குறையும். கம்பிகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியில் குளிர்சாதனக் குழாயும் மின்கம்பியும் புகுந்து போகலாம் என்பதால் மாடியின் உயரத்தையும் மிச்சம் பிடிக்கலாம்.

இரட்டைக் கோபுரத்தின் ட்ரஸ்கள் 29 அங்குல ஆழம் உள்ளவை. மேலும் கீழும் இரண்டிரண்டு ஆங்கிள் சட்டங்கள் (L வடிவ எஃகுச் சட்டங்கள்), நடுவில் ஓர் அங்குலத்தைவிடச் சற்றே தடிமனான உருண்டைக் கம்பி. இவற்றை ஜோடி ஜோடியாக, 6 அடி 8 அங்குலத்துக்கு ஒரு ஜோடி என்று வைத்தார்கள். ட்ரஸ்களைக் குறுக்குச் சட்டங்களால் கோத்து, மேலே நெளிதகடு பரப்பி, தரைத் துண்டுகளாகவே தயார் செய்து கொண்டுவந்து கிரேனில் தூக்கி வைத்தார்கள். அப்புறம் தகட்டின்மேல் 4 அங்குலக் கனத்துக்கு எடை குறைந்த கான்கிரீட் ஊற்றினார்கள்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்த வளைந்தோடும் கம்பி மேல் சட்டத்தோடு நிற்கவில்லை. சட்டத்துக்கு மேலே சுமார் 3 அங்குலம் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி கீழே இறங்கியது. கான்கிரீட் ஊற்றும்போது அந்த முட்டிகள் உள்ளே புதைந்து போகும். கான்கிரீட் இறுகிய பிறகு, ட்ரஸ்ஸும் தளமும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்க முடியாது, ஒரே உடம்பாக வளையும். நெருக்கப்படும் மேல்புறத்துக்குக் கான்கிரீட்டின் பலமும் சேர்ந்துகொள்கிறது. கம்பியை வளைக்கும் விதத்தை மாற்றியே, தனியாக ஆணிகள் பற்றவைக்கும் வேலையை மிச்சம் பிடித்துவிட்டார்கள்!

சரி, இப்போது கட்டடத்துக்கு வருவோம். மினோரு யமசாகி கட்டடக்கலைஞர். கட்டமைப்பைக் கணக்கிட்டவர்கள் ஜான் ஸ்கில்லிங்கும் லெஸ்லி ராபர்ட்சனும். 1966இல் வேலை தொடங்கி 1973இல் திறப்பு விழா நடந்தது. ஒவ்வொரு கோபுரமும் 110 மாடிகள், பக்கத்துக்குச் சுமார் 207 அடி.

இவ்வளவு உயரத்தில் பெரிய எதிரி காற்று. எம்பயர் ஸ்டேட் கட்டடம் போன்ற பழைய உயரக் கட்டடங்களில் உள்ளே முழுக்கத் தூண்களை வரிசையாக நட்டு, அந்தச் சட்டகம் முழுவதையும் கொண்டு காற்றைச் சமாளித்தார்கள். இங்கே அந்த வேலையை வெளிச்சுவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு முகத்திலும் 59 தூண்கள், 3 அடி 4 அங்குலத்துக்கு ஒன்று. அவற்றை மாடிக்கு மாடி அகலமான எஃகுத் தகடுகளால் பிணைத்தார்கள். தரையில் ஊன்றி நிற்கும் பிரம்மாண்டமான சதுரக் குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முகத்தில் காற்று அறைந்தால், தளம் அந்த விசையை வாங்கிப் பக்கச் சுவர்களிடம் கொடுத்துவிடும். பக்கச் சுவர்கள் அதை நிலத்துக்கு இறக்கிவிடும்.

நடுவில் இருந்தது கோர். ஏறக்குறைய 135 அடிக்கு 85 அடி, அதில் 47 எஃகுத் தூண்கள். கட்டடத்தின் மொத்த எடையில் சுமார் பாதியை இந்தத் தூண்கள் சுமந்தன, மீதியை வெளிச்சுவர். ஆனால் காற்றோடு மல்லுக்கட்டும் பொறுப்பு கோருக்கு இல்லை. எடையைக் கீழே இறக்குவது ஒன்றுதான் அதன் வேலை.

தாங்கி ஏன் சின்னது என்பதற்கான காரணம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. காற்றின் விசை கோருக்குப் போவதில்லை என்றால், தளத்துக்கும் கோருக்கும் நடுவே இறுக்கமான பிணைப்பு எதற்கு? தளத்தின் எடை கீழ்நோக்கி இறங்க ஒரு இடம் இருந்தால் போதும். உட்கார ஒரு இருக்கை.

கோரின் ஓரத்துத் தூண்களை ஒட்டி, ஒவ்வொரு மாடியிலும் ஒரு எஃகு உத்தரம் ஓடியது. மூன்று பக்கம் அடைத்து ஒரு பக்கம் திறந்திருக்கும், பட்டறைக்காரர்கள் சேனல் என்று சொல்வார்களே, அதுதான். ட்ரஸ்ஸை நேராகத் தூணிலேயே உட்கார வைக்க முடியாது. ட்ரஸ் ஜோடிகள் 6 அடி 8 அங்குலத்துக்கு ஒன்று வருகின்றன, கோர் தூண்களோ அதைவிட மிகத் தள்ளித் தள்ளி நிற்கின்றன. எனவே தூண்களைத் தொட்டுக்கொண்டு தொடர்ச்சியாக ஓடும் ஓர் உத்தரம், அதன்மேல் வேண்டிய இடத்திலெல்லாம் பற்றவைத்த தாங்கிகள். ட்ரஸ்ஸின் எடை தாங்கிக்கு, தாங்கியிலிருந்து உத்தரத்துக்கு, உத்தரத்திலிருந்து தூணுக்கு.

தாங்கியில் உட்கார்ந்தது ட்ரஸ்ஸின் மேல் சட்டம் மட்டும்தான். கீழ் சட்டத்தின் முனை கோர் பக்கத்தில் எதையும் தொடாமல் தொங்கியது. முதல்முறை பார்க்கிறவருக்கு இது விநோதமாகத் தெரியும், 29 அங்குல உயரமுள்ள ஒன்றை ஏன் உச்சியில் மட்டும் பிடிக்க வேண்டும் என்று. இரண்டு கட்டைச்சுவர்களுக்கு நடுவே முழங்கைகளை ஊன்றித் தொங்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் உடம்பு கொஞ்சம் ஆடினாலும் வளைந்தாலும் சுவர்களுக்குத் தெரிவது அவருடைய எடை மட்டும். அவர் கால்களையும் சுவர்களோடு சேர்த்துக் கட்டிவிட்டால் கதை வேறு. உடம்பு வளையும்போதெல்லாம் சுவரையும் சேர்த்து முறுக்குவார். ட்ரஸ்ஸும் அப்படித்தான். மனிதர்கள் நடமாடும்போது, அலமாரிகள் நகரும்போது அது கொஞ்சம் வளைந்து நிமிரும். மேல் சட்டத்தில் மட்டும் உட்கார வைத்தால் முனை இலேசாகத் திரும்பிக்கொள்ளும், கோர் தூணுக்கு முறுக்கல் போகாது. தூணைக் கணக்கிடுவதும் எளிது.

தாங்கியில் போட்டவை 5/8 அங்குல போல்ட்டுகள், அதாவது சுமார் 16 மில்லிமீட்டர். அவற்றுக்கான துளைகள் வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் இருந்தன. கட்டடத்தில் எதுவுமே வரைபடத்தில் உள்ள அளவுக்கு அப்படியே வந்து விழாது. தூண் ஒரு மயிரிழை தள்ளி நிற்கும், ட்ரஸ் ஒரு மயிரிழை குட்டையாக வரும். நீள்துளை அந்த வித்தியாசத்தை விழுங்கிக்கொள்ளும். கிரேனில் தொங்கும் தரைத் துண்டைக் கம்பியால் தள்ளித் தள்ளிப் பொருத்துகிறவருக்கு இந்தத் துளையின் அருமை தெரியும்.

வெளிச்சுவர் முனைக்குப் போனால் அதே மாதிரி தாங்கியும் போல்ட்டுகளும் இருக்கும், ஆனால் கூடுதலாக இரண்டு விஷயங்கள். ஒன்று, மேல் சட்டத்தைச் சுவரோடு சேர்த்துப் பற்றவைத்த தகடு. ட்ரஸ் ஜோடிக்குச் சுமார் 40 டன் இழுப்பை அது தாங்கும் என்று பின்னாளில் மதிப்பிட்டார்கள். இன்னொன்று, கீழ் சட்டத்தையும் சுவரையும் இணைத்த அதிர்வுத் தணிப்பான். எஃகுத் தகடுகளுக்கு நடுவே பிசுபிசுப்பான ஒருவகைப் பிளாஸ்டிக்கை வைத்துச் செய்த சாதனம் அது. காற்றில் கோபுரம் ஆடும்போது பிளாஸ்டிக் இழுபட்டு, ஆட்டத்தின் ஆற்றலைச் சூடாக மாற்றிக் கரைத்துவிடும். ஒவ்வொரு கோபுரத்திலும் இப்படிச் சுமார் 10,000 இருந்தன. எடையைத் தாங்குவதில் இவற்றுக்குப் பங்கில்லை. மேல்மாடியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தலை சுற்றாமல் இருக்க வேண்டும், அதற்காக வைத்தவை.

கோர் பக்கம் சும்மா ஒரு இருக்கை, வெளிச்சுவர் பக்கம் மட்டும் இழுத்துப் பிடிக்கும் தகடு. ஏன் இந்த ஓரவஞ்சனை?

நீளமான மூங்கில் குச்சி ஒன்றை நட்டுக்குத்தலாக நிறுத்தி மேலிருந்து அழுத்துங்கள். குச்சி நசுங்காது, நடுவில் வில்லாக வளைந்து ஓடும். நடுவில் ஒருவர் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டால் அதே குச்சி பல மடங்கு அழுத்தம் தாங்கும். அந்த விரல்களுக்குப் பெரிய பலம் வேண்டியதில்லை, குச்சி பக்கவாட்டில் நகராமல் பார்த்துக்கொண்டால் போதும். வெளிச்சுவரின் தூண்கள் 14 அங்குலச் சதுரம், உயரமோ ஆயிரத்துச் சொச்சம் அடி. 12 அடிக்கு ஒருமுறை, ஒவ்வொரு மாடியிலும், தளம்தான் அவற்றை விரலால் பிடித்துக்கொண்டிருந்தது. பார்ப்பவருக்குத் தூண் தளத்தைத் தாங்குவது மட்டும் தெரியும். தளமும் தூணைத் தாங்குகிறது, பக்கவாட்டில். கோர் தூண்களுக்கு இந்த உதவி தேவைப்படவில்லை. கோருக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் உத்தரங்கள் ஓடி அவற்றை ஒன்றோடொன்று பிணைத்திருந்தன.

எல்லா மாடியிலும் ட்ரஸ்தான் என்று நினைத்துவிட வேண்டாம். கனமான இயந்திரங்கள் இருந்த மாடிகளில் முழு எஃகு உத்தரங்களே போட்டார்கள். உச்சியில், 107ஆம் மாடியிலிருந்து மேலே, கோரையும் வெளிச்சுவரையும் இணைக்கும் பெரிய சட்டகம் ஒன்று தொப்பி போலக் கவிழ்ந்திருந்தது.

இதே காலத்தில் சிகாகோவில் எழுந்த சியர்ஸ் கோபுரத்தில் வேறு ஏற்பாடு. டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் கான் கணக்கிட்டது. அங்கே நடுவில் தனிக் கோர் என்று ஒன்று கிடையாது. 75 அடிச் சதுரக் குழாய்கள் ஒன்பதைக் கட்டாகக் கட்டி நிறுத்தினார். ட்ரஸ்கள் 75 அடி முழுவதையும் ஒரே தாவலில் கடந்தன. ட்ரஸ் ஒரே திசையில் கிடந்தால் இரண்டு பக்கத் தூண்களுக்கு மட்டும் எடை கூடும் என்பதால், ஆறு மாடிக்கு ஒருமுறை திசையை மாற்றிப் போட்டார்கள். பாரம் நாலாபக்கமும் பங்கிடப்பட்டது. தளத்தின் முனை எங்கே உட்காருகிறது என்பது எந்தத் தூண் எவ்வளவு பருமனாக வேண்டும் என்பதையே தீர்மானிக்கிறது பாருங்கள்.

இனி 2001 செப்டம்பர் 11. இதைச் சொல்லாமல் இந்தத் தாங்கிகளைப் பற்றி எழுத முடியாது. பலர் இவற்றைப் பற்றிக் கேள்விப்பட்டதே அன்றைக்குப் பிறகுதான்.

விமானங்கள் மோதிய பிறகும் இரண்டு கோபுரங்களும் நின்றன. தெற்குக் கோபுரம் 56 நிமிடம், வடக்குக் கோபுரம் 102 நிமிடம். விழுந்ததும் எளிமையான ஒரு விளக்கம் பரவியது: தாங்கிகள் சின்னவை, தீயில் பிய்ந்துபோயின, ஒரு தளம் அடுத்த தளத்தின்மேல் விழுந்தது, தோசையடுக்குபோலச் சரிந்தது என்று. பார்த்தால் பொருந்துகிற மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அமெரிக்க அரசின் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட அறிக்கை, சரிவு தொடங்கியது அப்படியல்ல என்றது.

நடந்தது இது. மோதலில் எஃகின்மேல் தெளித்திருந்த தீத்தடுப்புப் பூச்சு உதிர்ந்துவிட்டது. ட்ரஸ்ஸின் மெல்லிய கம்பிகள் சீக்கிரம் சூடேறின. எஃகு உருக வேண்டியதில்லை, 600 டிகிரி செல்சியஸை எட்டினாலே அதன் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். நிமிர்ந்து நிற்கும் பலம் போனதும் தளம் நடுவில் தொய்ந்தது. இவ்வளவு நாளும் உத்தரமாக இருந்தது, இப்போது இரண்டு முனையிலும் கட்டித் தொங்கவிட்ட கயிறு. துணி காயப்போடும் கொடியில் ஈரப் போர்வையைப் போட்டால் இரண்டு பக்கக் கம்பமும் உள்ளே சாயுமே, அதேபோலத் தொய்ந்த தளம் வெளிச்சுவரை உள்ளே இழுத்தது.

தாங்கிகள் அப்போதே பிய்ந்திருந்தால் இந்த இழுப்பு இருந்திருக்காது. போதிய இடங்களில் அவை பிடித்துக்கொண்டிருந்தன. அதனால்தான் சுவர் வளைந்தது. வடக்குக் கோபுரத்தின் தெற்கு முகம் சரிவதற்குச் சற்று முன்பு 55 அங்குலம் வரை உள்வாங்கியிருந்ததைப் புகைப்படங்களிலிருந்து கணக்கிட்டார்கள். மூங்கில் குச்சியை நேராகப் பிடித்திருந்த அதே விரல்கள் இப்போது அதைப் பக்கவாட்டில் இழுக்கின்றன. மோதலில் ஏற்கெனவே பல தூண்கள் போயிருந்தன, மிச்சம் இருந்தவை அவற்றின் பாரத்தையும் சுமந்துகொண்டிருந்தன. அவை வளைந்து ஒடிந்ததும் மேலே இருந்த மாடிகள் அத்தனையும் மொத்தமாகக் கீழே இறங்கின.

அதற்குப் பிறகு தாங்கிகளால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. சேதமில்லாத ஒரு தளத்தின் இணைப்புகள், மெதுவாக வைத்தால் கூடுதலாக 11 தளங்களின் எடையைத் தாங்கும், திடீரென்று வைத்தால் 6 தளங்களின் எடையை என்பது அதே நிறுவனத்தின் கணக்கு. 16 மில்லிமீட்டர் போல்ட்டுகள் என்று நான் மேலே இளக்காரமாகச் சொன்னது நினைவிருக்கலாம். ஒரு தளத்தை மட்டும் சுமக்க வேண்டிய இணைப்புக்கு இது தாராளமான பலம். விழுந்ததோ வடக்குக் கோபுரத்தில் 12 தளங்கள், தெற்கில் 29. மீட்டெடுத்த வெளிச்சுவர்த் துண்டுகளைப் பார்த்தபோது, மோதிய மாடிகளிலும் அவற்றுக்குக் கீழேயும் இருந்த தாங்கிகளில் 90 சதவீதத்துக்கு மேல் கீழ்நோக்கி மடங்கியோ முழுதாகப் பிய்ந்தோ இருந்தன. மேலேயிருந்து வந்த பாரம் ஒவ்வொன்றாக அறைந்துகொண்டு போனதன் தடம் அது.

இன்றைய உயரக் கட்டடங்களில் கோர் பெரும்பாலும் கான்கிரீட் சுவர்தான். 2006இல் திறந்த புதிய 7ஆம் எண் உலக வர்த்தக மையமும், 2014இல் திறந்த முதலாம் எண் கோபுரமும் அப்படிப்பட்டவை. இங்கே கோர் சும்மா எடை சுமப்பதோடு நிற்பதில்லை, காற்றையும் எதிர்க்கிறது. எனவே தளம் காற்றின் விசையைக் கோரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், வெறும் இருக்கை போதாது. அமெரிக்கக் கட்டட விதித்தொகுப்பின் 2009 பதிப்பு, உயரக் கட்டடங்களில் உத்தர முனைகளின் இணைப்பு கீழ்நோக்கிய எடையோடு குறிப்பிட்ட அளவு இழுப்பையும் தாங்க வேண்டும் என்று கேட்கத் தொடங்கியது. தீத்தடுப்புப் பூச்சு எளிதில் உதிராமல் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்ற விதியும் கடுமையானது.

ஆனால் கான்கிரீட்டில் எஃகு உத்தரத்தை எப்படி மாட்டுவது? கோர் சுவரை வார்க்கும்போதே, பின்புறம் ஆணிகள் வைத்த தடித்த எஃகுத் தகடு ஒன்றைச் சுவரின் முகத்தில் புதைத்துவிடுவார்கள். கான்கிரீட் இறுகிய பிறகு, அந்தத் தகட்டின்மேல் மீன் துடுப்பு மாதிரி செங்குத்தாக இன்னொரு தகட்டைப் பற்றவைப்பார்கள். உத்தரத்தின் நடுத்தகட்டை அந்தத் துடுப்போடு சேர்த்து போல்ட் போடுவார்கள். கான்கிரீட் வேலை அங்குலக் கணக்கில் பிசகும், எஃகு வேலை மில்லிமீட்டர் கணக்கில் வரும். இரண்டும் சந்திக்கும் இடம் இதுதான் என்பதால் கட்டுமானத் தளத்தில் சண்டையும் பெரும்பாலும் இங்கேதான் நடக்கும். புதைத்த தகடு இரண்டு அங்குலம் தள்ளிப் போயிருந்தால் துடுப்பை எங்கே ஒட்டுவது?

இன்னொரு தொல்லையும் உண்டு. கான்கிரீட் பல வருடங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகிக்கொண்டே போகும். எஃகுத் தூண் பாரம் ஏறும்போதே குறுகி முடித்துவிடும், அதன்பின் அப்படியே இருக்கும். நூறு மாடிக் கட்டடத்தில் இந்த வேறுபாடு சேர்ந்துகொண்டே போய், கோர் பக்க முனை வெளிப்பக்க முனையைவிடச் சற்றுத் தாழ்ந்துவிடலாம். முன்கூட்டியே கணக்கிட்டு, கோரைக் கொஞ்சம் உயர்த்தியே கட்டுவார்கள். அப்படியும் மிஞ்சும் சிறு சாய்வை உத்தரத்தின் முனையில் இருக்கும் போல்ட் இணைப்பு இலேசாகத் திரும்பி ஏற்றுக்கொள்கிறது, 1970களில் அந்தச் சின்னத் தாங்கியில் ட்ரஸ்ஸின் முனை திரும்பிக்கொண்டதைப் போலவே.